தடைக்காலத்தில் பதினாறு வகுப்பு: பாம்பன் பக்கத்தில் வால்ட்ஸ் கற்றுக்கொண்டோம்

என் மகளுக்கு மங்களூரில் சம்பந்தம் அமைந்தது. சம்பந்தியம்மா சென்னையில் பிறந்து வளர்ந்தவர், தமிழ் நன்றாகப் பேசுவார். பூ, பலகாரம், பந்தி என்று எல்லாம் பேசி முடித்துப் போனை வைக்கப் போகும் நேரத்தில், "ரிசப்ஷன்ல பொண்ணும் மாப்பிள்ளையும் முதல்ல வால்ட்ஸ் ஆடுவாங்க சம்பந்தி. பாதிப் பாட்டுல ரெண்டு பக்கத்து அப்பா அம்மாவும் வந்து சேர்ந்துக்கணும். எங்க வீட்டுல அதுதான் வழக்கம்" என்றார். வால்ட்ஸ் என்றால் ஆணும் பெண்ணும் ஒருவரை ஒருவர் பிடித்தபடி சுற்றி ஆடும் மேல்நாட்டு ஜோடி ஆட்டம். நானும் "சரிங்க சம்பந்தி" என்று சொல்லிவிட்டேன். மகளுக்காக எதைக் கேட்டாலும் சரி என்று வாயில் வரும் நேரம் அது.

நான் தங்கச்சிமடத்தில் மல்லிகை நாற்று போட்டு விற்கிறேன். என் வீட்டுக்காரர் விசைப்படகு டிரைவர். கல்யாணமாகி 26 வருடம். இத்தனை வருடத்தில் நாலு பேர் பார்க்க அவர் என் கையைப் பிடித்தது, கோயிலில் சாமியார் முன்னால் கை சேர்த்த அன்றைக்கு மட்டும்தான். எங்களைப் போல ஐம்பதை நெருங்கும் வயதில், ஆட்டம் என்றால் என்னவென்றே தெரியாமல், இதைக் கற்றுக்கொள்ள நினைக்கிறவர்கள் இந்தப் பக்கம் இன்னும் இருப்பார்கள். அவர்களுக்காகத்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன். நாங்கள் கற்றுக்கொண்ட வகுப்புக்கு ஐந்துக்கு நாலு நட்சத்திரம் கொடுக்கிறேன். அந்த ஒரு நட்சத்திரம் ஏன் குறைந்தது என்பதையும் ஒளிக்காமல் சொல்கிறேன்.

முதலில் வேறு ஓர் ஊரில் ஒரு டான்ஸ் வகுப்புக்குப் போய் இரண்டு நாளில் திரும்பி வந்தோம். முன்பணம் 1,500 ரூபாய் போனது. வால்ட்ஸ் என்று சொல்லிவிட்டு நாலு தட்டுத் தாளத்தில் ஒரு பாட்டைப் போட்டு, கையை வீசு, இடுப்பை ஆட்டு, ஒரு சுற்று சுற்று என்றார்கள். நான் 20 வருடமாகக் கோயில் பாடல் குழுவில் பாடுகிறவள். பாட்டு எத்தனை தட்டு என்று காது சொல்லிவிடும். வால்ட்ஸ் மூன்று தட்டு என்று மகள் ஏற்கெனவே சொல்லியிருந்தாள். அதைக் கேட்டதற்கு, "அதெல்லாம் பாக்க அழகா இருந்தா போதும்மா" என்று பதில் வந்தது. இனி போக வேண்டாம் என்று அன்றைக்கே முடிவு செய்தோம்.

பிறகுதான் இந்த வகுப்பைப் பற்றிக் கேள்விப்பட்டோம். பாம்பனைத் தாண்டித் தங்கச்சிமடம் வரும் சாலையில், ஒரு வலைக்கடைக்கு மேல் மாடிக் கூடம். பெயர்ப்பலகை கிடையாது, வலைக்கடையில் கேட்டால் படியைக் காட்டுவார்கள். ஜோடிக்கு 6,000 ரூபாய், 16 வகுப்பு, செவ்வாயும் வெள்ளியும் மாலை ஆறரை முதல் ஏழரை வரை. நாங்கள் சேர்ந்தபோது ஐந்து ஜோடி. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் என்பதால் அவர் கரையில் இருந்தார். பகலெல்லாம் படகைக் கரையேற்றிப் பலகை மாற்றுவது, பெயிண்ட் அடிப்பது என்று வேலை இருக்கும், ஆனால் மாலை அவருடையது. ஈஸ்டர் முடிந்த செவ்வாய்க்கிழமை ஆரம்பித்தோம். கடைசி வகுப்பு ஜூன் 13, வெள்ளி. தடைக்காலத்துக்கு அளவெடுத்துத் தைத்தது போல அமைந்துவிட்டது.

மாஸ்டர் பாம்பன்காரர். பயணிகள் கப்பலில் 14 வருடம் வேலை பார்த்து, அங்கே கற்று, பின்னால் மும்பையில் முறையாகப் பயிற்சி எடுத்தவர். அவர் மனைவியும் சேர்ந்தே சொல்லிக்கொடுக்கிறார். அவரை எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிடுகிறோம். முதல் நாள் யாரையும் யார் கையையும் பிடிக்கச் சொல்லவில்லை. ஸ்பீக்கரில் ஒரு வயலின் இசையைப் போட்டுவிட்டு, தரையில் உட்கார்ந்து தொடையில் தாளம் போடச் சொன்னார். "மூணு தட்டு. மொதத் தட்டு கனம், மத்த ரெண்டும் லேசு. கனமான தட்டு எங்க விழுதுன்னு கேளுங்க, அது போதும்." எனக்கு உடனே பிடிபட்டது. நம் தாளத்தில் மூன்று மூன்றாக எண்ணும் திஸ்ரம், தகிட, தகிட. 'த'வில் அழுத்தம். அதைச் சொன்னதும் மாஸ்டருக்கு முகமெல்லாம் சிரிப்பு. "தங்கச்சி சொன்னதே போதும். இனிமே இங்க ஒன் டூ த்ரீ கிடையாது, தகிடதான்" என்றார். எட்டு வாரமும் அந்தக் கூடத்தில் தகிடதான் ஒலித்தது.

இரண்டாவது அரைமணி நேரம் எழுந்து நின்று 'த'வுக்கு மட்டும் ஒரு கால் வைத்தோம். கி, ட இரண்டுக்கும் நின்றோம். அப்போதுதான் ஒன்று புரிந்தது. மூன்று ஒற்றைப்படை எண். ஒவ்வொரு தட்டுக்கும் ஓர் அடி வைத்தால், இந்தத் தகிடவில் 'த' இடது காலில் விழும், அடுத்ததில் வலது காலில் விழும். மாறி மாறி வரும். நடைக்குப் பழகிய கால் இரண்டிரண்டாகத்தான் எண்ணும். அதை மூன்றுக்குத் திருப்புவதுதான் வால்ட்ஸின் முதல் பாடம். ஒரு வகுப்பு முழுவதையும் இதற்கே செலவழித்த மாஸ்டருக்கு என் முதல் நட்சத்திரம்.

மூன்றாவது வகுப்பில் கை பிடிக்கச் சொன்னார். அங்கேதான் எனக்குத் தயக்கம். மற்ற நாலு ஜோடி பார்க்க, அவர் என் முதுகில் கை வைக்க வேண்டும். ஆணின் இடது கை பெண்ணின் வலது கையைப் பிடிக்கும், இருவரில் குட்டையானவரின் கண் உயரத்துக்கு. ஆணின் வலது கை, விரல்கள் சேர்ந்து, பெண்ணின் இடது பின்தோள் எலும்பின் மேல் இருக்கும். பெண்ணின் இடது கை ஆணின் புஜத்தின் மேல் படிந்து கிடக்கும். நேருக்கு நேர் நிற்பதில்லை. பெண் ஆணின் வலப்பக்கமாகக் கொஞ்சம் தள்ளி நிற்கிறாள். அதனால் ஒவ்வொருவருக்கும் மற்றவரின் வலது தோளுக்கு மேலாகப் பார்வை போகிறது. கண்ணுக்குள் கண் பார்த்து ஆட வேண்டியதில்லை என்பது எனக்குப் பெரிய ஆறுதல். அவர் உள்ளங்கையில் கயிறு இழுத்த காய்ப்பு, சுண்டுவிரல் ஓரத்தில் நைலான் வலை அறுத்த பழைய தழும்பு. அந்தக் கை என் முதுகில் படிந்ததும் இரண்டு பேருமே விறைத்துப்போனோம்.

மாஸ்டர் பாட்டை நிறுத்தினார். எங்களைத் திருத்தவில்லை. எல்லோரையும் உட்காரச் சொல்லி இந்த ஆட்டத்தின் கதையைச் சொன்னார்.

தெற்கு ஜெர்மனி, ஆஸ்திரியா மலைக்கிராமங்களில் லேண்ட்லர் என்று ஒரு மூன்று தட்டு ஆட்டம் இருந்தது. ஜோடியாகப் பிடித்துச் சுற்றுவார்கள், கனத்த செருப்போடு மிதித்து ஆடுவார்கள். ஜெர்மன் மொழியில் வால்சன் என்றால் உருள்வது, சுழல்வது. அதிலிருந்துதான் வால்ட்ஸ் என்ற பெயர். 18ஆம் நூற்றாண்டில் அது வியன்னா நகரத்துக்குள் வந்தது. நகரத்து மண்டபங்களில் தரை இழைத்து மெருகேற்றிய மரப்பலகை, செருப்பு மெல்லியது. மிதித்த கால் வழுக்கிச் சுழலத் தொடங்கியது. 1808இல் வியன்னாவில் அப்பல்லோ மண்டபம் திறந்தபோது ஆயிரக்கணக்கில் சனங்கள் ஒரே நேரத்தில் கூடும் அளவுக்கு இந்த மோகம் வளர்ந்திருந்தது. 1814, 1815இல் நெப்போலியன் போருக்குப் பிறகு ஐரோப்பிய ராஜாக்களும் மந்திரிகளும் எல்லைகளைப் பேசி முடிக்க அங்கே கூடினார்கள். பகலில் பேச்சு, இரவில் வால்ட்ஸ். அங்கிருந்து அவரவர் நாட்டுக்குப் பரவியது.

அதுவரை பெரிய வீட்டு ஆட்டங்களில் ஆணும் பெண்ணும் வரிசையாக நின்று விரல் நுனியைத் தொட்டு விலகுவார்கள். வால்ட்ஸில்தான் ஒருவரை ஒருவர் அணைத்துப் பிடித்தபடி முழுப் பாட்டுக்கும் இருப்பது. 1816 ஜூலையில் இங்கிலாந்து இளவரசர் கொடுத்த விருந்தில் இதை ஆடியதற்கு, லண்டன் டைம்ஸ் பத்திரிகை சில நாட்களில் தலையங்கமே எழுதியது. அநாகரிகமான அந்நிய ஆட்டம், பெற்றோர்கள் தங்கள் பெண்களை இதற்கு விடக் கூடாது என்கிற தொனியில்.

இதைக் கேட்டபோது எனக்கு மனசு லேசானது. 200 வருடத்துக்கு முன்னால் லண்டனிலும் தாய்மார்கள் என்னைப் போலத்தான் கூசியிருக்கிறார்கள். கூச்சம் என் ஊருக்கு மட்டும் சொந்தமில்லை. அக்கா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "இது அணைக்கிறது இல்ல தங்கச்சி. வலை இழுக்குறப்ப ரெண்டு பேரு ஒரே கயித்தப் பிடிச்சா, அடுத்தவன் எப்ப இழுக்குறான்னு கயித்துலயே தெரியுமில்ல? அதுக்குத்தான் இந்தப் பிடி" என்றார். என் வீட்டுக்காரர் அதைக் கேட்டுத் தலையாட்டினார். அடுத்த முறை கை வைத்தபோது கயிறு பிடிப்பது போலத்தான் பிடித்தார். எனக்கும் விறைப்பு விட்டது.

நாலாவது வகுப்பிலிருந்து பெட்டி அடி. பாக்ஸ் ஸ்டெப் என்பார்கள். ஆண் இடது காலை முன்னால் வைக்கிறார், வலது காலைப் பக்கவாட்டில் வைக்கிறார், இடதை அதோடு சேர்க்கிறார். பிறகு வலதைப் பின்னால், இடதைப் பக்கவாட்டில், வலதைச் சேர்ப்பது. ஆறு அடியில் தரையில் ஒரு சதுரம். பெண்ணுக்கு எல்லாம் அப்படியே கண்ணாடி போல மாறும். அவர் முன்னால் வர நான் வலது காலைப் பின்னால் வைப்பேன். கேட்க எளிது. ஆனால் 'ட'வில் காலைச் சேர்க்கும்போது உடம்பின் பாரமும் அந்தக் காலுக்குப் போக வேண்டும். சும்மா தொட்டு வைத்தால், அடுத்த 'த'வுக்கு அதே கால்தான் விடுபட்டு நிற்கும். தப்பான கால் கிளம்பும், ஜோடி மோதும். எங்கள் ஐந்து ஜோடியும் மூன்று வகுப்புக்கு மோதியது இந்த ஒரே காரணத்தால்தான்.

மாஸ்டர் இதற்குச் செய்த வைத்தியம் எனக்கு ரொம்பப் பிடித்தது. ஒவ்வொரு 'ட' முடிந்ததும் பாட்டை நிறுத்துவார். "பாரம் எந்தக் கால்ல?" சேர்த்த காலில் பாரம் இருக்கிறவருக்கு மற்றக் காலைத் தரையிலிருந்து தூக்க முடியும். தூக்கிக் காட்ட வேண்டும். தூக்க முடியாதவர் மறுபடி ஆரம்பிக்க வேண்டும். ஒரு மணி நேரத்தில் 50, 60 தடவை இப்படி. வியர்த்து ஊற்றும். யாரையும் அவர் குரல் உயர்த்திச் சொன்னதில்லை. என் வீட்டுக்காரருக்கு மே முதல் வாரத்தில்தான் அது கூடியது. நாற்று வெட்டிக்கொண்டிருந்த என்னிடம் வந்து, "இந்தா புள்ள, பாரு" என்று தோட்டத்து மணலில் தனியாக ஆறு அடி வைத்துக் காட்டினார். மணலில் பதிந்த அவர் பாதத்தைப் பார்த்தேன். சேர்ந்த இடத்தில் இரண்டு பாதமும் ஒரே ஆழம்.

அடுத்தது ஏற்றமும் இறக்கமும். வால்ட்ஸ் என்றால் பார்க்கிறவர்கள் கண்ணில் நிற்பது இதுதான். முதல் அடி முன்னால் போகும்போது குதிகால் முதலில் படும், முட்டி தளர்ந்திருக்கும். அந்த அடி முடியும்போது உடம்பு மேலே எழத் தொடங்கும். இரண்டாவதிலும் மூன்றாவதிலும் பாதத்தின் முன்பகுதியில் ஏறி உயரும். மூன்றாவது முடியும்போது மெல்ல இறங்கும். 'த'வில் தாழ்ந்து, 'கி'யில் ஏறி, 'ட'வில் உச்சிக்குப் போய் இறங்க வேண்டும். நானும் மற்றப் பெண்களும் தோளைத் தூக்கித் தூக்கி இறக்கினோம், அது தப்பு. ஏற்றம் கணுக்காலிலிருந்தும் முட்டியிலிருந்தும் வர வேண்டும், தோள் சும்மா இருக்க வேண்டும்.

இந்தப் பாடத்தில் என் வீட்டுக்காரரை மாஸ்டர் நடுவில் கூப்பிட்டு எல்லோருக்கும் காட்டச் சொன்னார். 30 வருடம் படகுத் தளத்தில் நின்ற முட்டி அது. தென்கடலில் கச்சான் காற்று அடிக்கும் நேரம் படகு எழுந்து விழும்போது, முட்டி கொடுக்காதவன் தளத்தில் நிற்க முடியாது. "அலை ஏறுறப்ப நாம ஏற வேண்டியதில்ல, அதுவே தூக்கும். எறங்குறப்பதான் முட்டிய விட்டுக் கொடுக்கணும், இல்லாட்டி முதுகு அடிபடும்" என்று எல்லோருக்கும் சொன்னார். மாஸ்டர், "அண்ணே, இறங்குறதுதான் கஷ்டம்னு சொல்றேன்ல, இதத்தான்" என்றார். 26 வருடத்தில் என் வீட்டுக்காரர் ஒரு கூட்டத்தின் நடுவில் நின்று பேசி நான் பார்த்தது அன்றுதான். அவர் பேசிய அந்த இரண்டு நிமிடத்துக்கே 6,000 ரூபாய் தகும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஐந்தாவது வாரம் சுற்றல். பெட்டி அடி நின்ற இடத்திலேயே ஆடுவது. மண்டபத்தில் ஆட்டம் ஊர வேண்டும். ஜோடிகள் எல்லோரும் கூடத்தைச் சுற்றி ஒரே திசையில் போவார்கள், கடிகார முள்ளுக்கு எதிராக. நமக்கு இது முதலில் உறுத்தும். நாம் எதைச் சுற்றினாலும் வலமாகச் சுற்றியே பழகியவர்கள்; இங்கே நடு மண்டபம் இடது கைப்பக்கம் இருக்கும். வலது பக்கம் திரும்பிச் சுற்றுவதற்கு நேச்சுரல் டர்ன் என்றும் இடது பக்கம் திரும்புவதற்கு ரிவர்ஸ் டர்ன் என்றும் பெயர். நேச்சுரல் டர்னில் ஆறு அடியில் முக்கால் வட்டம் திரும்புகிறோம், மூன்றடிக்கு எட்டில் மூன்று பங்கு வீதம். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற நடுவில் மூன்றடியில் ஒரு மாற்று அடி உண்டு. மாஸ்டர் தரையில் சுண்ணாம்புக்கட்டியால் அம்புக்குறி போட்டு, யார் எந்தச் சுவரைப் பார்க்க வேண்டும் என்று ஒவ்வோர் அடிக்கும் சொல்வார். "சன்னல், மூலை, கதவு." எனக்கு இன்னும் அந்த மூன்று சொல்லில்தான் சுற்றல் நினைவிருக்கிறது. மங்களூர் மண்டபத்தில் சன்னல் எந்தப் பக்கம் என்று முன்பே மகளிடம் கேட்டு வைத்துக்கொண்டேன்.

ஒரு வெள்ளிக்கிழமை மாஸ்டர் வியன்னா வால்ட்ஸ் போட்டுக் காட்டினார். அப்போதுதான் நாங்கள் கற்பது மெதுவான வால்ட்ஸ் என்பதே முழுசாகப் புரிந்தது. வியன்னா வால்ட்ஸ் ஒரு நிமிடத்தில் 58 முதல் 60 தகிட. நிமிடத்துக்கு 180 அடி வரை. நாங்கள் ஆடியது 28 முதல் 30 தகிட, சரிபாதி வேகம். அமெரிக்காவில் பாஸ்டன் என்ற பெயரில் நிதானமாக ஆடிய வகை இங்கிலாந்துக்குப் போய், முதல் உலகப்போருக்குப் பிறகு மெதுவான வால்ட்ஸாக உருவெடுத்தது என்றார். 1922இல் லண்டனில் உலகப்போட்டி வைத்தார்கள், அதில் விக்டர் சில்வெஸ்டர் என்பவர் ஜோடியோடு வென்றார்; 1924இல் அங்கே நடன ஆசிரியர்கள் சங்கத்தில் இது போன்ற ஜோடி ஆட்டங்களுக்கென்று தனிப் பிரிவு வைத்து அடிகளை வரையறுத்தார்கள். இன்றைக்குப் போட்டிகளில் மெதுவான வால்ட்ஸும் வியன்னா வால்ட்ஸும் தனித்தனி ஆட்டம். நாங்கள் ஆறு அடி வைக்கும் நேரத்தில் மாஸ்டரும் அக்காவும் பன்னிரண்டு வைத்துக் கூடத்தைச் சுற்றி வந்தார்கள். அக்காவுக்கு 54 வயது. கீழே சாலையில் போகிறவர்கள் நின்று அண்ணாந்து பார்த்தார்கள்.

அன்றைக்கு அவர் ஒலிக்கவிட்டது நீல டான்யூப் நதி பற்றிய வால்ட்ஸ். இளைய யோகான் ஸ்ட்ராஸ் எழுதியது. அவருடைய அப்பாவும் வால்ட்ஸ் எழுதிப் புகழ் பெற்றவர். ஆனால் மகன் இசைக்கு வரக் கூடாது, வங்கி வேலைக்குப் போக வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தவர். அந்த இசை 1867 பிப்ரவரியில் முதலில் அரங்கேறியபோது ஆண்கள் பாடல் குழு ஒன்று அதைப் பாடியது. பாடல் குழுக்காரியான எனக்கு இந்தச் செய்தி நெஞ்சில் ஒட்டிக்கொண்டது. வார்த்தையோடு அரங்கேறிய இசை என்று தெரிந்த பிறகு கேட்டால், எங்கே மூச்சு எடுப்பார்கள் என்று காதுக்குத் தெரிகிறது. அந்த மூச்சு எடுக்கும் இடத்தில்தான் உடம்பும் ஏறி இறங்குகிறது. இதை அக்காவிடம் சொன்னேன். "அப்ப நீ பாடிக்கிட்டே ஆடு" என்றார். மனசுக்குள் பாடிக்கொண்டே ஆடினேன். அன்றிலிருந்து நான் எண்ணுவதை விட்டேன்.

இனிக் குறைகள். முதலாவது தரை. வியன்னாவில் இந்த ஆட்டம் வழுக்கத் தொடங்கியதே மெருகேற்றிய தரையால்தான் என்று கதை சொன்ன மாஸ்டரின் கூடத்தில் தரை வெறும் சிமெண்டு. கடற்காற்றில் மணல் வந்துகொண்டே இருக்கும். 20 நிமிடத்துக்கு ஒரு தடவை துடைப்பம் எடுக்க வேண்டும். மாலை ஏற ஏற உப்புக்காற்றில் தரை பிசுபிசுக்கும். திரும்பும்போது பாதம் ஒட்டும், ஆனால் முட்டி திரும்பிவிடும். எங்கள் வகுப்பில் ஓர் அண்ணனுக்கு முட்டி பிடித்துக்கொண்டு இரண்டு வகுப்புக்கு வரவில்லை. வெறுங்காலோடு சுழன்றதில் என் வீட்டுக்காரருக்குப் பெருவிரலுக்குக் கீழே தோல் உரிந்தது. படகில் வெறுங்காலோடு இருந்து தடித்த தோலே உரிந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். பாதி இடத்துக்காவது பலகை போடலாம். இதை மாஸ்டரிடமே சொன்னேன். பணம் சேர்ந்தால் போடுகிறேன் என்றார்.

இரண்டாவது, ஷூ. அடிப்பாகம் மெல்லிய தோலால் ஆன ஆட்ட ஷூ வேண்டும் என்பதைச் சேரும்போதே சொல்லியிருக்க வேண்டும். நாலாவது வகுப்பில் சொன்னார். அவருக்கு 2,800, எனக்கு 2,400, இரண்டும் வெளியூரிலிருந்து வரவழைத்தோம், வந்து சேரப் பத்து நாள். அந்தத் தோல் சிமெண்டில் சீக்கிரம் தேய்கிறது. தடைக்காலத்தில் வருமானம் இல்லாத வீட்டுக்கு 5,200 ரூபாய் திடீர்ச் செலவு என்பது சின்ன விஷயம் இல்லை. கட்டணத்தோடு இதையும் சேர்த்துச் சொன்னால் மக்கள் தயாராக வருவார்கள்.

மூன்றாவது எனக்கு முக்கியமானது. பாடம் பெரும்பாலும் ஆண் பக்கத்திலிருந்தே நடக்கிறது. "இடது முன்னால, வலது பக்கம்" என்று மாஸ்டர் சொல்லும்போது நாங்கள் மனசுக்குள் திருப்பிப் போட்டுக்கொள்ள வேண்டும். பின்னால் கால் வைப்பது முன்னால் வைப்பதைவிடக் கடினம். இடுப்பிலிருந்து காலை நீட்டி, விரல் நுனி முதலில் படவேண்டும், உடம்பு பின்னால் சாயக் கூடாது. இதற்கு அக்கா தனியாக ஒரு வகுப்புதான் எடுத்தார். அந்த ஒரு வகுப்பில் நான் கற்றது மற்ற மூன்று வகுப்புக்குச் சமம். பெண்களுக்குத் தனியாக நாலு வகுப்பாவது வேண்டும்.

சேலை பற்றியும் அந்த ஒரு நாளில்தான் சொன்னார். பழகும்போது சுடிதார் சரி, ஆனால் கல்யாணத்தில் பட்டுச்சேலை. கொசுவம் தரையைத் தொட்டால் முதல் அடியிலேயே அவர் ஷூ அதை மிதிக்கும். கணுக்காலுக்கு இரண்டு அங்குலம் மேலே நிற்கும்படி கட்டி, கொசுவத்தை உள்பக்கமாக முட்டிக்குக் கீழ் ஒரு ஊக்கு குத்தி, முந்தியைத் தோளிலும் இடுப்பிலும் இரண்டு இடத்தில் பிடிக்க வேண்டும். அடி சிறியதாக வை, அளவு பெரிசாக வேண்டாம் என்றார். கடைசி நாலு வகுப்புக்கு நான் சேலையிலேயே போனேன். சேலை கட்டி ஆடப் போகிற எல்லோருக்கும் இதைச் சொல்கிறேன்: வாரம் ஒரு நாளாவது சேலையில் பழகுங்கள்.

சின்னக் குறைகள் இரண்டு. கரண்டு போனால் பாட்டு நின்றுவிடும், ஆனால் மாஸ்டர் தொடையில் தட்டிப் பாடத்தை ஓட்டிவிடுவார். படி செங்குத்து, கைப்பிடி இல்லை. முட்டிவலிக்காரர்கள் பார்த்து ஏறுங்கள்.

ஜூன் 13 கடைசி வகுப்பு. மறுநாள் நள்ளிரவோடு தடை முடிகிறது. ஐஸ் ஏற்ற வேண்டும், டீசல் பிடிக்க வேண்டும், வலை ஏற்ற வேண்டும் என்று கரையெல்லாம் பரபரப்பு. அவர் பெயிண்ட் மணத்தோடு நேராகக் கூடத்துக்கு வந்தார். ஐந்து ஜோடியும் மூன்று நிமிடப் பாட்டு ஒன்றை நிறுத்தாமல் ஆடினோம். மாஸ்டர் யாருக்கும் எதுவும் சொல்லவில்லை, சுவரோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பாம்பன் பாலத்துப் பக்கம் ரயில் கூவியது காதில் விழுந்தது.

கல்யாணம் ஜூலையில் முடிந்தது. மங்களூரில் ரிசப்ஷன் மண்டபம் வழுவழு மார்பிள். அந்தத் தரையில் கால் வைத்ததும் எங்கள் சிமெண்டில் பட்ட பாடு எல்லாம் பலனாக மாறியது. பாதிப் பாட்டில் சம்பந்தி இருவரும் இறங்கினார்கள், நாங்களும் இறங்கினோம். இரண்டாவது மூலையில் என் வீட்டுக்காரர் கால் தப்பியது. வேறு யாராவது என்றால் அவசரமாக எட்டி அடியைப் பிடிக்கப் பார்ப்பார்கள். அவர் நின்றார். ஒரு தகிட முழுவதையும் போகவிட்டார். முதுகில் இருந்த கை, போவோமா என்று லேசாக அழுத்தியது. 'த' என்று வாய்க்குள் சொல்லிக் கிளம்பினார். மாஸ்டர் பத்தாவது வகுப்பில் சொன்னது இதுதான்: தப்பினால் துரத்தாதே, அடுத்த கனத்த தட்டு தானாக வரும், அதில் ஏறிக்கொள். பக்கத்தில் ஆடிய மகள் இதைக் கவனித்தாள். அவள் கண் நிறைந்ததைப் பார்த்தேன்.

அடுத்த அணி பொங்கலுக்குப் பிறகு ஆரம்பிக்கிறார்களாம், ஆறு ஜோடிக்கு மேல் சேர்ப்பதில்லை. வலைக்கடையில் சொல்லி வைத்தால் கூப்பிடுவார்கள். ஷூவுக்கு முன்பே பணம் எடுத்து வையுங்கள். பெண்கள் பக்கத்துப் பாடத்தை அக்காவிடம் கேட்டு வாங்குங்கள், கேட்டால் மறுக்க மாட்டார்.

கற்றவர்களுக்கு இப்போது செவ்வாய்க்கிழமை மட்டும் ஒரு மணி நேரம் கூடம் திறந்து வைக்கிறார்கள், ஜோடிக்கு 150 ரூபாய். திங்கட்கிழமை கடலுக்குப் போகும் படகு செவ்வாய் காலை கரைக்கு வரும். மீனை ஏலம் விட்டுவிட்டு வந்து, மத்தியானம் வரை தூங்கி எழுந்து, குளித்து, இரண்டு ஜோடி ஷூவையும் துணிப்பையில் போட்டுக்கொண்டு, ஆறேகாலுக்கு எனக்கு முன்னால் வாசலில் நிற்கிறார்.